கேள்வி-பதில்: ரேட் பேசுமுன் அளவைப் பேசுங்கள்

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கொத்தனாரும் ஆசாரியும் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கார்த்திகையிலேயே கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை வீட்டுப் பழுதுவேலை பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கணக்கில் கை வைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குள் வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்க வேண்டும். கொத்தனார் பூச்சு முடித்துப் பத்து நாள்தான் ஆகிறது. பிரைமர் போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் பெயிண்டர். அடிக்கலாமா அண்ணாச்சி? (கருங்கல்)

அடிக்காதீர்கள். புதுப்பூச்சு காய 28 நாளாவது வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் மேலே. அவசரப்பட்டால் உப்புப் பூத்து உதிரும். மாசியில் அடியுங்கள்.

கணவர் கத்தாரில். வேலையை நான்தான் பார்க்கிறேன். தரை 960 சதுர அடி. பாறசாலையில் 2×2 டைல்ஸ் எடுத்தேன். பெட்டிக்கு நான்கு எண்ணம், 16 சதுர அடி, சதுர அடி 55 ரூபாய் என்று பில். 60 பெட்டி போதும், உடைசலுக்கு 2 பெட்டி கூடுதல் என்று கடைக்காரர்தான் கணக்குச் சொன்னார். கடைசி அறையில் பற்றவில்லை. டைல்ஸ் போடுகிறவர் வெட்டி வீணாக்கிவிட்டார் என்கிறது கடை. அவரோ அப்படி இல்லை என்று சத்தியம் செய்கிறார். யாரை நம்ப? (களியக்காவிளை)

டைல்ஸ் போட்ட தம்பியை நம்புங்கள், தங்கச்சி. அவரிடம் அதை இன்றே சொல்லியும் விடுங்கள்.

காலிப் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். 600×600 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். 600 மில்லிமீட்டர் இரண்டடி அல்ல. 1 அடி 11⅝ அங்குலம். நான்கு டைல்ஸ் சேர்த்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான். நீங்கள் வாங்கிய 62 பெட்டியில் இருந்தது மொத்தம் 961 சதுர அடி. 960 சதுர அடித் தரைக்கு 961 சதுர அடி டைல்ஸ்! சுவரோரம் ஒரு துண்டுகூட வெட்டாமல் எந்த மனிதரால் போட முடியும்? உடைசலுக்கு என்று சொன்ன 2 பெட்டி உண்மையில் உங்களுக்கு வரவே இல்லை. பெட்டிக்கு அரை சதுர அடி வீதம் 31 சதுர அடிக்கு, இல்லாத டைல்ஸுக்கு, 1,705 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். சரியான கணக்கு இது: 960-உடன் வெட்டுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 1,008. அதை 15.5-ஆல் வகுத்தால் 66 பெட்டி. சுவரடிப் பட்டைக்கு வேண்டியது தனி. பில்லையும் காலிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் 1,705 ரூபாயைக் கேளுங்கள். மிச்ச டைல்ஸ் வாங்கும்போது பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஹாலில் கலக்காமல் உள்ளறையில் போடச் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது இதுதான். நம் ஆட்கள் ரேட்டை மணிக்கணக்கில் பேசுவார்கள். 55 ரூபாயை 53 ஆக்கிவிட்டால் ஜெயித்த மாதிரி. அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ரேட்டில் குறைத்த 2 ரூபாயை அளவில் எடுத்துக்கொள்வது விற்பவருக்கும் வேலை செய்பவருக்கும் ஒரு வேலையே இல்லை. சமையலறை அலமாரியை முன்பக்கம் மட்டும் அளந்து சதுர அடி போடும் ஆசாரி உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தட்டையும் அளப்பவரும் உண்டு. இரண்டாமவர் சொல்லும் ரேட் குறைவாகத்தான் தெரியும். பில் வரும்போது பாருங்கள்.

சுவர்ப் பூச்சிலும் இதே சண்டைதான். கதவு, ஜன்னல் ஓட்டையைக் கழிப்பதா வேண்டாமா? கொத்தனார் கழிக்கவே மாட்டேன் என்பார், வீட்டுக்காரர் முழுக்கக் கழி என்பார். இதற்கு நாடு முழுவதற்கும் ஒரு விதி இருக்கிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200, 12ஆம் பகுதி. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூச்சு என்றால், அரை சதுர மீட்டர் வரை உள்ள சின்ன ஓட்டைகளைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள ஓரங்களைப் பூசுவதற்கு மறுபக்கம் ஈடாகிவிடும். 3 சதுர மீட்டருக்கு மேலே போனால் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். 3×7 அடிக் கதவு 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் 21 சதுர அடி கழித்தால் நியாயம் முடிந்தது. இதை வேலை தொடங்குமுன் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், முடிகிற நாளில் முற்றத்தில் நின்று சத்தம் போட வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஒரு கடையில் சிமெண்ட் மூட்டைக்கு 40 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். மாசியில் வீட்டின் பின்பக்கம் கான்கிரீட் போட 50 மூட்டை எடுத்து ஷெட்டில் தரையில் அடுக்கியிருக்கிறேன். அடி மூட்டைகள் கல்லாக இருக்கின்றன. கடையில் மாற்றித் தருவார்களா? (குலசேகரம்)

தரமாட்டார்கள், தரவேண்டிய அவசியமும் இல்லை. துலாமழை நேரத்தில், குலசேகரத்தில், வெறுந்தரையில் சிமெண்ட் அடுக்குவதா? நன்றாக மூடி வைத்த சிமெண்டே மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும். எத்தனை பேர் அதைப் பார்க்கிறீர்கள்? கையால் நசுக்கினால் பொடியாகிற கட்டிகளைச் சலித்து முற்றத்துத் தரைக்குப் பயன்படுத்துங்கள். கல்லானதைத் தூக்கி எறியுங்கள். கூரைக்கும் தூணுக்கும் இதில் ஒரு சட்டிகூடப் போகக் கூடாது.

ஒக்கி புயலில் ஓடு பறந்த வீடு. அவர் இறந்தபிறகு நானும் மகளும்தான். மேலே டிரஸ் (இரும்புக் கூரைச்சட்டம்) வைத்து ஷீட் போட அதிர்த்திக்கு (எல்லைக்கு) அப்புறம் உள்ள ஒரு காண்டிராக்டர் 2,40,000 ரூபாய் பேசினார். பைப் வாங்க, ஷீட் வாங்க என்று மூன்று தவணையாக 1,80,000 போனில் அனுப்பினேன். பைப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் போனவர்தான். போனை எடுப்பதில்லை. எழுதி வாங்காதது என் முட்டாள்தனம் என்று எல்லோரும் ஏசுகிறார்கள். (கொல்லங்கோடு)

ஏசுகிறவர்கள் ஒருநாள் உங்களோடு நாகர்கோவிலுக்கு வரட்டும் அம்மா, அதுதான் உதவி. நம்பிக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. வாங்கிக்கொண்டு போனவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எழுதி வாங்கவில்லை என்றாலும் நீங்கள் வெறுங்கையாக இல்லை. போனில் அனுப்பிய பணத்துக்கு வங்கிக் கணக்கில் தேதியோடு பதிவு இருக்கிறது. அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றையும் அழிக்காதீர்கள். நிற்கிற பைப்பை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு வேறொரு வெல்டரைக் கூப்பிட்டு, இதுவரை நடந்த வேலை எவ்வளவு பெறும், மீதிக்கு எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். இது முடியும்வரை புதிய ஆள் பைப்பில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் யார் செய்தது எது என்று தெரியாமல் போகும்.

அடுத்து, 15 நாள் தவணை கொடுத்து ஸ்பீடு போஸ்டில், பதிவோடு, ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். அவர் கேரளத்துக்காரர், அங்கே போய் வழக்குப் போட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு நாகர்கோவில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், அதை மட்டும் தவற விடாதீர்கள். அதற்கு முன் 1915-க்கு அழைத்துத் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

மீதி வேலைக்கு இனி யாரிடமும் ஷீட்டுக்கென்று பணம் கொடுக்காதீர்கள். கடைக்கு நீங்களே நேராகக் கட்டி, உங்கள் பெயரில் பில் வாங்கி, ஷீட் முற்றத்தில் இறங்கியபிறகு வெல்டருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். 0.50 மி.மீ. ஷீட் என்று கடையில் சொல்வது பல நேரம் பெயிண்டையும் சேர்த்த கனம். பெயிண்ட் இல்லாமல் தகடு மட்டும் எவ்வளவு என்று கேட்டு அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடற்காற்று அடிக்கிற இடம், ஸ்க்ரூவிலும் மலிவு பார்க்க வேண்டாம்.

சமையலறைக் கீழ் அலமாரிக்கு 710 பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ரகம்) என்று ஒரு கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? (மார்த்தாண்டம்)

என் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே வைத்த பலகை, 710 என்று பச்சை முத்திரை பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஓரம் உப்பி, விரலை வைத்தால் அடுக்கு அடுக்காகப் புத்தகம் மாதிரிப் பிரிந்தது. பில்லை நீட்டினேன். அதில் “பிளைவுட் 19 மி.மீ., 6 ஷீட்” என்றுதான் இருந்தது, 710 என்ற எண்ணே இல்லை. நாங்கள் 710 விற்றதாக எங்கே இருக்கிறது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முத்திரையை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ. குறிக்குப் பக்கத்தில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று தெரிந்துவிடும். அசல் 710 பலகை 72 மணி நேரம் கொதித்தாலும் பிரியக் கூடாது என்பது தரவிதி. கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வைத்தாலே போலி பல்லிளித்துவிடும். துண்டு தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பில்லில் கம்பெனிப் பெயர், ஐ.எஸ். 710, கனம் மூன்றும் இருக்க வேண்டும்.

கொத்தனாருக்கு நாள்கூலியா, காண்டிராக்டா, எது லாபம்? (தக்கலை)

அளக்க முடிகிற வேலைக்குக் காண்டிராக்ட். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற கசிவு, விரிசல் வேலைக்கு நாள்கூலி. ஆனால் நீங்கள் கூடவே நிற்க வேண்டும்.

குளியலறையை மாற்ற 1,60,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கொட்டேஷன். ஜி.எஸ்.டி. எண் கேட்டால் ஆடிட்டரிடம் இருக்கிறது என்கிறார். கொடுக்க வேண்டுமா? (குழித்துறை)

எண் இல்லாமல் 28,800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். எண் 15 இலக்கம். தமிழ்நாட்டில் பதிவு என்றால் 33-லும் கேரளம் என்றால் 32-லும் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பெயர் வரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்றும் காட்டும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் பதிந்தவரும் உங்களிடம் தனியாக வரி கேட்கக் கூடாது. முறைப்படி பதிந்து பில் தருபவர் 18 சதவீதம் கேட்டால் அது நியாயம், அதில் சண்டை வேண்டாம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. கொட்டேஷன் பழைய விலையில் போட்டதா என்று பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

அப்பா கட்டிய ஓட்டு வீடு. ஐந்து லட்சம் கையில் இருக்கிறது. தரைக்கு கிரானைட், பால்ஸ் சீலிங், பெயிண்ட் எல்லாம் முடித்துவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரத்தில்) சில இடத்தில் கரையான். எதிலிருந்து தொடங்க? (திருவட்டாறு)

கழுக்கோலிலிருந்து. பால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டால் கரையான் இன்னும் சௌகரியமாகத் தின்னும், உங்களுக்கோ தெரியாது.

ஐந்தில் ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், தம்பி. பழைய வீட்டில் ஓட்டைப் பிரித்தபிறகுதான் உண்மைச் செலவு தெரியும். மீதி நான்கில் முதலில் கூரை. ஆசாரி ஒவ்வொரு கழுக்கோலையும், ஓடு உட்காரும் குறுக்குப் பட்டியலையும் உளியால் குத்திப் பார்க்கட்டும்; மாற்ற வேண்டியதில் சாக்கட்டியால் அடையாளம் போட்டு எண்ணி, எந்த மரம், எத்தனை கன அடி என்று எழுதி வாங்குங்கள். தோட்டத்து ரப்பர் மரத்தை அப்படியே அறுத்துப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், மருந்து ஏற்றாத ரப்பர் பூச்சிக்குச் சாப்பாடு. பழைய ஓட்டில் நல்லது நிறைய மிஞ்சும். பிரிக்கும் ஆளிடம் முழு ஓட்டை எண்ணி அடுக்கித் தரவேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் உடைப்பது குறையும். கூரைக்குப் பிறகு குழாய், வயரிங், அதன்பின் பூச்சு, தரை, கடைசியில் பெயிண்ட். இந்த வரிசை மாறினால் போட்ட கிரானைட்டின் மேலேயே சாரம் கட்டுவார்கள்.

கிரானைட் இந்த வருடம் வேண்டாம் என்று வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். பிரிக்கும்போது அவரும் ஒருமுறை ஏணியில் ஏறி அந்தக் கழுக்கோலைப் பார்க்கட்டும், சம்மதித்துவிடுவார்.