மூக்கடைப்பும் சைனஸும்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

தலைக்குக் குளித்தாலே நீர் கோத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமைக் குளியலையே விட்டுவிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

விட வேண்டாம். மண்டைத் தோல் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட சைனஸ் எனப்படும் முக எலும்பு அறைகளுக்குள் இறங்காது. சில மூக்குகளுக்குக் குளிர்ச்சி ஆகாது, அவ்வளவுதான். வெந்நீரில் குளித்து உடனே தலையைத் துவட்டுங்கள். ஈரத் தலைக்குச் சாம்பிராணி போடுகிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். அலர்ஜி மூக்குக்குப் புகை பகை.

எனக்கு சைனஸ் தொந்தரவு. நல்ல மருந்தாகச் சொல்லவும். (வயது, ஊர் இல்லை)

இதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? வயது, எத்தனை மாதமாக, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வாசனை தெரிகிறதா, சுகர், பிரஷர், ஆஸ்துமா உண்டா? ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். இவை இல்லாமல் எழுதினால் பதில் கிடையாது.

வயது 34. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாலு வருடமாக மூக்குச் சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. இன்னும் பவரான மருந்து உண்டா? (திருப்பூர்)

உங்களுக்கு வேண்டியது பவரான மருந்து இல்லை. இந்த மருந்திலிருந்து விடுதலை. நாலு வருடத்துக்கு முன் உங்களுக்கு இருந்தது அநேகமாகப் பஞ்சுத் தூசி அலர்ஜி. இப்போது இருப்பது அந்தச் சொட்டு மருந்தே உண்டாக்கிய அடைப்பு.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று பாட்டிலில் போட்டிருக்கும், பாருங்கள். இவை மூக்குச் சதையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில நிமிடத்தில் மூச்சு திறக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இப்படி வருகிறவர்களின் மூக்குக்குள் பார்த்தால் பக்கச் சுவரில் மடிப்பாக இருக்கும் டர்பினேட் சதை செக்கச்செவேலென்று வீங்கி, நடுச்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சட்டைப் பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

மூன்று நாள். மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் கூடாது. இதை எத்தனை வருடமாக எழுதுகிறேன்! மெடிக்கல் ஷாப்பில் "மூக்கடைப்பு" என்ற வார்த்தையைச் சொன்னதும் கை தானாக அந்த அலமாரிக்குப் போகிறது. எத்தனை நாள் விட வேண்டும், பிரஷர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சொட்டு மருந்துதானே, உள்ளுக்குச் சாப்பிடுவதா என்ன என்று வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தத்தையே ஏற்றிவிடக்கூடிய மருந்து இது.

விடும் வழி: இஎன்டி டாக்டரைப் பார்த்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தொடங்குங்கள். முதலில் ஒரு மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அது திறந்தபின் அடுத்தது. முதல் ஒரு வாரம் ராத்திரி கஷ்டம்தான். தலையணையை உயர்த்திப் படுங்கள், உப்பு நீரால் கழுவுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் மூக்கு வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் நடுச்சுவர் வளைவு, பாலிப் (மூக்குக்குள் வளரும் மென்மையான சதை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையில் மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி இருக்கும்வரை அலர்ஜி திரும்பத் திரும்ப வரும்.

ஸ்டீராய்டு ஸ்பிரே ஐந்து நாள் அடித்தேன். பலன் இல்லை, ரத்தம்தான் வந்தது. (மதுரை)

ஐந்து நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். முழுப் பலனுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். ரத்தம் வந்தது நடுச்சுவரில் அடித்ததால் இருக்கும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. தலையை லேசாகக் குனிந்து, முனையை அதே பக்கக் காதை நோக்கி வைத்து அடியுங்கள். உறிஞ்சாதீர்கள். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஸ்டீராய்டு என்ற பேருக்குப் பயம் வேண்டாம், ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு.

கேன் தண்ணீரில் ஜலநேதி (மூக்கை உப்பு நீரால் கழுவுவது) செய்யலாமா? (சென்னை)

கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும். கேன், குழாய், கிணறு எதுவும் நேராக மூக்குக்குள் போகக் கூடாது. கேரளத்தில் 2024, 2025இல் மூளையைத் தாக்கும் அமீபாக் காய்ச்சலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் ஒரு வகை மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. பாத்திரத்தையும் கழுவிக் காயவையுங்கள்.

சளி பச்சையாக வருகிறது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைப் போடலாமா?

வேண்டாம். நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் போடுவதில்லை.

மூன்று மாதக் குழந்தை. குளிப்பாட்டியதும் மாமியார் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். (தஞ்சாவூர்)

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகில் தடவுவதும் கூடாது, பிட்ஸ் வரலாம். அடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும். ஆவி பிடிக்கவைக்கவும் வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நாலு வயதுப் பையனுக்கு வலது மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி, பத்து நாளாக. (கரூர்)

பத்து நாள் காத்திருந்து எனக்குக் கடிதம் எழுதுவதா? ஒரு பக்கம் மட்டும் என்றால் உடனே காட்டுங்கள். குழந்தை எதையோ உள்ளே போட்டிருக்கும். மணியோ புளியங்கொட்டையோ என்றால் எடுத்துவிட்டால் போதும். பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே நடுச்சுவரை அரித்துவிடும். பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தம் என்றால் கட்டி இல்லை என்று உறுதி செய்யும்வரை விடாதீர்கள். ஒரு பக்கம் நாற்றம் என்றால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள்.

பாலிப் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம். மறுபடி வாசனை தெரியவில்லை. வயது 45, ஆஸ்துமா உண்டு. (கோவை)

விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆபரேஷன் வழியைத் திறக்கும். பாலிப் வளரும் தன்மையை மாற்றாது. ஸ்பிரேயும் உப்பு நீரும் தொடர வேண்டும். நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சு இழுப்பு வருகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பாலிப்பும் ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு அவை ஆபத்து. பழைய சிடி ஸ்கேனை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள்.