குப்பியில் வரும் 'வளர்ச்சி பெப்டைடு': கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஜிஹெச்ஆர்பி-6 போல, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும் என்று சொல்லிக் குப்பியில் விற்கும் ஊசி மருந்துகளைப் பற்றிய கேள்விகள் இவை. ஆய்வகத்தில் பல வருடம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் கருவி) முன்னால் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் வந்து சேர்கின்றன. தெரிந்தவரை சொல்கிறேன்.

தக்கலை, கபடி ஆடும் தம்பி: அண்ணா, ஜிஹெச்ஆர்பி-6 ஹார்மோனே இல்லையாமே, நம்ம உடம்பையே சுரக்க வைக்குமாம். அப்போ ஊக்கமருந்து டெஸ்ட்டில் எப்படி மாட்டும்?

முதல் பாதி சரிதான். ஆறு அமினோ அமிலம் கோத்த சின்னத் துண்டு அது, இப்படிக் கோத்ததைத்தான் பெப்டைடு என்பார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பி வளர்ச்சி ஹார்மோனை வெளியே விட வைக்கும். ஆனால் ஆய்வகம் சிறுநீரில் தேடுவது அந்தத் துண்டையும் அது உடைந்து வரும் மிச்சத்தையும். அப்படி ஒரு கோர்வை மனித உடம்பில் தானாக உண்டாவதில்லை, அதனால் துளி இருந்தாலும் கதை முடிந்தது. ஊசியில் போட்ட வளர்ச்சி ஹார்மோனை உடம்பில் சுரந்ததிலிருந்து பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையில் பெரிய பாடு.

அதே தம்பி: சில மணி நேரத்தில் போய்விடும் என்கிறார்களே?

ரத்தத்தில் சீக்கிரம் குறையும், அது உண்மை. ஆனால் போட்டி இல்லாத நாளிலும் இதற்குத் தடை உண்டு, வீட்டுக்கே வந்து மாதிரி எடுப்பார்கள்.

குளச்சல், நர்ஸ் அக்கா: இதையெல்லாம் எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க?

அக்கா, எனக்குப் பிடித்த கேள்வி இது. அமெரிக்காவில் சிரில் பவர்ஸ் குழு என்கெஃபாலின் என்ற மூளைப் பெப்டைடை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபோது வளர்ச்சி ஹார்மோனை மட்டும் கிளப்பிவிடும் துண்டுகள் கிடைத்தன. சாவி கையில் இருக்கிறது, பூட்டு எது என்றே தெரியாது! அந்தப் பூட்டை, அதாவது செல்லில் இந்தத் துண்டு போய் ஒட்டும் ஏற்பியை, அடையாளம் கண்டது 1996-இல். அந்தப் பூட்டுக்கு உடம்பே செய்து வைத்திருக்கும் சாவியான கிரெலினை, 1999-இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் பிடித்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அது, ஜிஹெச்ஆர்பி-6 போட்டவருக்கு அகோரப் பசி எடுப்பதும் அதனால்தான். மருத்துவத்தில் இந்த வழி சோதனைக்குப் பயன்படுகிறது: அதே பூட்டைத் திறக்கும் மாசிமோரெலின் என்ற மருந்தின் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ரத்தம் எடுத்து, பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது.

மார்த்தாண்டம், ஒரு அப்பா: சார், பையன் பத்தாம் வகுப்பு, உயரம் கம்மி. ஜிம்மில் ஒருத்தர் இதைப் போடச் சொல்கிறார். குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றுதான் எழுதியிருக்கு.

வேண்டவே வேண்டாம் சார். அந்த வரிக்கு மனிதருக்குப் போட அனுமதி இல்லை என்று பொருள், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பும் இல்லை. ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள், மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். எலும்பு முனையில் வளரும் பகுதி மூடிவிட்டால் எந்த ஊசியும் உயரம் தராது. மூடாமல் இருந்தாலும் என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், ஜிம்காரர் இல்லை.

கருங்கல், ஜிம் பயிற்சியாளர்: பையனுக்குத் தெரியாமல் நான் கொடுத்திருந்தால் அவனுக்குத் தண்டனை வராதுதானே?

கேட்கும்போதே பகீரென்கிறது. உடம்பில் இருந்தால் விளையாட்டு வீரர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், கொடுத்தவர் மேலும் தனி வழக்கு வரும். ஆஸ்திரேலியாவில் குரோனுல்லா என்ற கிளப்பின் ரக்பி வீரர்கள் 2011-இல் கிளப் ஏற்பாட்டில் போட்ட பெப்டைடுகளுக்காக 2014-இல் 12 மாதத் தடையை ஏற்றார்கள்.

அதே பயிற்சியாளர்: சரி, எம்கே-677 மாத்திரை என்றால்?

அது பெப்டைடு இல்லை, ஆனால் அதே பூட்டைத் திறந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பது. அதுவும் அதே தடைப் பட்டியலில்தான் அண்ணாச்சி.