மார்பகப் புற்றுநோய் சிகிச்சை: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இதைப் படியுங்கள். இதைப் பார்த்து மருந்தை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: மனைவிக்கு 2 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்களோ, மார்பையே எடுத்துவிடு, மிச்சம் வைத்தால் திரும்ப வரும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சை. உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது நூறு வருடத்துக்கு முந்தைய வைத்தியம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்பு, அதன் அடியில் இருக்கும் தசை, அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) என்று மொத்தமாக வழித்தெடுத்தார். அதிகம் வெட்டினால் அதிகம் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை. பல பத்தாண்டுகள் எல்லோரும் அதையே செய்தார்கள். 1970களில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்டோ வெரோனேசியும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 வருடம் பின்தொடர்ந்த முடிவுகள் 2002இல் வந்தன. முழு மார்பை எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள்.

ஆனால் கதிர்வீச்சைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. வாங்கியவர்களில் 14 சதவீதம். இன்றைய மருந்துகளோடு அது இன்னும் குறைவு.

முழுதாக எடுக்கவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரே மார்பில் பல இடத்தில் கட்டி இருக்கலாம், மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருக்கலாம், கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். இன்னொன்று: எடுத்த துண்டின் ஓரத்தில் புற்றுச் செல் தெரிந்தால் இரண்டாவது முறை கொஞ்சம் வெட்டவேண்டி வரும். அதை முதலிலேயே மனைவியிடம் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்.

கேள்வி: ஈஆர் 90%, பிஆர் 60%, ஹெர்-2 "2+" என்று போட்டிருக்கிறது. ஹெர்-2 பாசிட்டிவா, நெகட்டிவா?

முதலில் பெயர்கள்: ஈஆர், பிஆர் இரண்டும் பெண் ஹார்மோன்களைப் பிடிக்கும் புரதங்கள், அவை இருந்தால் "ஹார்மோன் பாசிட்டிவ்" என்பார்கள். ஹெர்-2 புற்றுச் செல்லை வேகமாக வளரவைக்கும் புரதம். உங்கள் ஹெர்-2 பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் "தெரியவில்லை, இன்னொரு டெஸ்ட் பாருங்கள்" என்று அர்த்தம். அந்த டெஸ்டுக்கு ஃபிஷ் என்று பெயர். அதே பயாப்சித் துண்டிலேயே செய்யலாம், மறுபடி ஊசி குத்த வேண்டாம். அது வராமல் மருந்தை முடிவு செய்ய முடியாது, அதனால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் அக்காவும் பக்கத்துப் படுக்கை அம்மாவும் ஒரே ஸ்டேஜ் 2. அக்காவுக்கு முதலில் ஆபரேஷன், அந்த அம்மாவுக்கு முதலில் கீமோ. யாருக்குத் தப்பாக நடக்கிறது?

வார்டில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். யாருக்கும் தப்பாக நடக்கவில்லை. ஸ்டேஜ் ஒன்றாக இருந்தாலும் நோயின் ரகம் வேறு. ரகத்தைச் சொல்பவை, மேலே சொன்ன ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும்தான்.

ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் முதலில், பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. ஹெர்-2 பாசிட்டிவாகவோ மூன்றும் நெகட்டிவாகவோ இருந்து, கட்டி 2 செ.மீ.க்கு மேலோ நெறியில் பரவலோ இருந்தால் இப்போது கீமோவை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டி சுருங்கினால் மார்பைக் காப்பாற்றலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய லாபம், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிவது. ஆபரேஷனில் எடுத்த துண்டில் புற்றுச் செல்லே இல்லை என்று வந்தால் நல்ல சகுனம். மிச்சம் இருந்தால் அடுத்து வேறு மருந்து சேர்ப்பார்கள்.

கீமோ முதலில் என்றால், கட்டிக்குள் ஒரு குட்டி உலோகக் கிளிப் வைத்தார்களா என்று கேளுங்கள். கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் எந்த இடத்தை எடுப்பது என்று சர்ஜனுக்குக் காட்டுவது அந்தக் கிளிப்தான்.

ஹெர்-2 பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்கு மனசு கனக்கும். 1998இல் ஹெர்-2வையே குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்து வந்த பிறகு கதையே மாறிவிட்டது. ஆரம்ப நிலை நோய்க்கு வழக்கமாக ஒரு வருடம் போடுவார்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்கவேண்டும்.

கேள்வி: வயது 31, குழந்தை இல்லை. அடுத்த வாரம் கீமோ. கேட்கவே கூச்சமாக இருக்கிறது, பிறகு குழந்தை பெற முடியுமா?

கூச்சப்படாமல் இன்றைக்கே கேளுங்கள், கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் தாமதம். கருமுட்டையை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். அந்தத் தாமதம் பெரும்பாலும் சிகிச்சையைக் கெடுக்காது. கீமோ நாட்களில் சினைப்பையைத் தூங்கவைக்கும் ஊசியும் இருக்கிறது. உங்களுக்கு ஹார்மோன் பாசிட்டிவ் என்றால், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை சாப்பிட்டு, பிறகு இரண்டு வருடம் வரை நிறுத்திக் குழந்தை பெற்றவர்களை வைத்து 2023இல் ஒரு ஆய்வு வந்தது. ஆய்வு பார்த்த சில வருடங்களில் நோய் திரும்புவது கூடவில்லை. டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடும்போது கர்ப்பம் ஆகவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. கட்டி ஒன்றரை செ.மீ., ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறியில் ஒன்றும் இல்லை. கீமோவைத் தாங்குவாரா?

தாங்குவாரா என்பதற்கு முன்னால், தேவையா என்று கேளுங்கள். இந்த ரகத்துக்கு 21 மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் போடும் டெஸ்ட் உண்டு. 50 வயதுக்கு மேல், நெறி சுத்தம், மதிப்பெண் 25 வரை என்றால் கீமோவால் கூடுதல் லாபம் இல்லை என்று 2018இல் பெரிய ஆய்வு காட்டியது. கட்டியை எடுத்துவிட்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் இவருக்குக் கதிர்வீச்சைக்கூட விடலாம். விட்டால் அதே மார்பில் திரும்புவது கொஞ்சம் கூடும், ஆயுள் குறைவதில்லை. கதிர்வீச்சு எடுப்பதானாலும் இப்போது பலருக்கு மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது, சிலருக்கு ஐந்தே நாள். பேசி முடிவெடுங்கள். பேசும்போது அம்மாவும் அறைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: லெட்ரோசோல் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். காலையில் விரல் மடக்க முடியவில்லை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மறைக்கவும் மறைக்காதீர்கள். வாங்கிய மாத்திரையை டப்பாவில் வைத்துக்கொண்டு "சாப்பிடுகிறேன்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஹார்மோன் ரகம் 10, 15 வருடம் கழித்தும் திரும்பக்கூடியது, மாத்திரை அதற்குத்தான். மூட்டுவலிக்கு வழி இருக்கிறது. அனஸ்ட்ரோசோல், எக்ஸமெஸ்டேன், டாமாக்சிஃபென் என்று மாற்றிப் பார்ப்பார்கள். தினமும் நடப்பதும் எடை தூக்கிப் பயிற்சி செய்வதும் நிஜமாகவே உதவும். லெட்ரோசோல் எலும்பையும் மெலிய வைக்கும், எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்தாயிற்றா?

கேள்வி: சிவப்பு மருந்து ஏற்றியபின் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

ரத்தம் இல்லை. ஏற்றிய சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசினின் நிறம் அது. ஒன்றிரண்டு நாளில் சரியாகும். நீங்கள் பயப்படவேண்டியது காய்ச்சலுக்கு. 38 டிகிரி (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும் இரண்டாவது வாரத்தில் இன்னும் கவனம்.

கேள்வி: மூலிகை மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

என்ன பெயர், எவ்வளவு என்று எழுதி டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்தோடு மோதும். கீமோவுக்குப் பதிலாக என்றால், ஒரேயடியாக வேண்டாம்.

கேள்வி: எலும்புக்குப் பரவிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லையா?

நிறைய இருக்கிறது. முழுதாகப் போக்க முடியாது என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஹார்மோன் ரகத்தில் மாத்திரையோடு ரிபோசிக்லிப், பால்போசிக்லிப் போன்றவற்றைச் சேர்த்து வருடக்கணக்கில் அடக்கி வைக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே சாப்பிடுபவர்கள் உண்டு. எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கேள்வி: நாளை மறுநாள் முழு மார்பு ஆபரேஷன். என்ன எடுத்துப்போவது?

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நான்கு, ஏனென்றால் சில நாள் கையைத் தூக்கித் தலைவழியாக எதையும் போட முடியாது. பக்கவாட்டில் ஒரு குழாயும் பாட்டிலும் தொங்கும். அதைச் சட்டையின் உள்பக்கம் மாட்ட ஒரு பெரிய ஊக்கு. குழாய் இழுபட்டால் உயிர் போகிற வலி. ஒரு சின்ன நோட்டு, பேனா. பாட்டிலில் தினமும் எத்தனை மி.லி. என்று எழுதுங்கள், 30க்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். கைப்பயிற்சியை எந்த நாளில் தொடங்குவது என்று வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டு, அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.