சென்னையில் நண்பகலில் நிழலே விழாத நாள் உண்மையிலேயே உண்டா? 12 மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் ஏன் நிழல் தெரிகிறது?

உண்டு. வருடத்துக்கு இரண்டே நாள். சென்னைக்கு ஏப்ரல் 24 ஒன்று, ஆகஸ்ட் 18 ஒன்று. லீப் வருடக் கணக்கால் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். ஏப்ரல் 24 அன்று சரியாக 12 மணிக்கு மாடியில் குச்சி நட்டுப் பார்த்தும் நிழல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் சரிதான், நேரம்தான் தப்பு. அன்றைக்குச் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 7 நிமிடத்துக்கு. ஆகஸ்ட் 18 அன்று இன்னும் தாமதம், ஏறக்குறைய 12.13.

கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் ஏன் உச்சிக்கு வருவதில்லை? நம் கடிகாரம் சென்னைக்கானது அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை இருப்பது 80.27 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று பார்த்தால் நாம் கிட்டத்தட்ட 9 நிமிடம் பின்னால் இருக்கிறோம். ஒரு காலத்தில் சென்னைக்கென்று தனி நேரமே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. ரயில்களும் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906இல் நாடு முழுவதற்கும் கிரீன்விச்சை விட 5 மணி 30 நிமிடம் முன்னால் என்ற ஒரே நேரம் வந்தபோது அந்த 9 நிமிட வித்தியாசம் நம் கடிகாரத்துக்குள் ஒளிந்துகொண்டது. இதோடு இன்னொன்றும் சேரும். பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிடம் முந்தியும், ஆகஸ்ட் நடுவில் நான்கு நிமிடம் பிந்தியும் உச்சிக்கு வருகிறது. 9இல் 2 போனால் 7, 9ஓடு 4 சேர்ந்தால் 13.

ஏழு நிமிடம் என்றால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு மீட்டர் குச்சிக்கு 3 செ.மீ. நிழல், மேற்குப் பக்கமாக. நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆகஸ்டில் 12 மணிக்கே போய் நின்றால் ஐந்தரை செ.மீ. இருக்கும்.

பலருக்கு மனதில் ஒரு படம் உண்டு: தினமும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும், நாம் வெப்ப நாட்டுக்காரர்கள் அல்லவா என்று. அப்படி இல்லை. சூரியன் டிசம்பர் கடைசியில் தெற்கே மகர ரேகைக்கு நேர் மேலே இருக்கிறது. பிறகு வடக்கே நகர்ந்து ஜூன் 21 வாக்கில் கடக ரேகைக்கு வந்து திரும்புகிறது. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை சென்னையின் 13.08 டிகிரி அட்சரேகையைக் கடக்கிறது. அந்த இரண்டு நாள்தான் நிழலில்லா நாள். கன்னியாகுமரி இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும், மதுரைக்கு ஏப்ரல் 16 வாக்கில். டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது, அங்கே இப்படி ஒரு நாள் வரவே வராது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நடப்பது. ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை, 116 நாள், சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது! நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கே 18 செ.மீ. நிழல். டிசம்பர் 21 அன்று வடக்கே 74 செ.மீ. வடக்குப் பார்த்த வாசல் இருக்கிற வீட்டில் ஜூன் மாதம் பகல் 12.10 வாக்கில் வெளியே வந்து பாருங்கள். வெயில் வாசல் சுவரை உரசிக்கொண்டு இறங்கும், தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். மாடியில் சோலார் பேனலைத் தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்த்து வைக்கச் சொல்வதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. அந்தச் சாய்வில் ஜூனில் சூரியன் பேனலுக்குச் செங்குத்தான கோட்டுக்கு 23 டிகிரி வடக்கே போகும், டிசம்பரில் அதே 23 டிகிரி தெற்கே. இரண்டு பக்கமும் இழப்பு சமம்.

இனி மாடியில் செய்வது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், காரணம் மொட்டை மாடித் தளமே மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் குழாய்க்குப் போக கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். 100 செ.மீ.க்கு 1 செ.மீ. வாட்டம் என்றாலே, தளத்தில் செங்குத்தாக நிறுத்திய ஒரு மீட்டர் குச்சி உச்சியில் 1 செ.மீ. சாய்ந்துவிடும். சூரியன் ஒரு நாளில் வடக்கே நகர்வதால் வரும் மாற்றம் அதே குச்சிக்கு வெறும் 6 மி.மீ.தான். அதாவது வாட்டத்தைக் கவனிக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு நாள் தவறான தேதியில் பார்ப்பதற்குச் சமம். குச்சி ஒரு டிகிரி சாய்ந்தால் 17 மி.மீ., மூன்று நாள் கணக்கு போச்சு.

எனவே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அடியில் மடித்த அட்டைத் துண்டுகளைச் செருகி ரசமட்டத்தால் இரண்டு திசையிலும் சரிபாருங்கள். கிழக்கு மேற்காக மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது, வடக்கு தெற்குதான் முக்கியம். குச்சிக்குப் பதில் பிளம்பிங் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிவிசி பைப், மூன்றடி நீளம், வாங்குவது நல்லது. வெட்டு நேராக இருக்க வேண்டும். பலகை மேல் நிறுத்தி, பக்கத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, பைப்பும் நூலும் இணையாக இருக்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். மாடியில் காற்று அடித்தால் நூல் ஆடும். குண்டைத் தண்ணீர் வாளிக்குள் மூழ்கவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

12.00க்கே தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் பென்சிலால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். பைப்பின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடிவட்டத்துக்குள்ளேயே போய்விடும். பலகையை அசைக்காமல் பைப்பை ஒரு விரல் உயரம் தூக்கிப் பிடித்தால், கீழே காகிதத்தில் முழு வட்டமாக ஒரு ஒளிப்பொட்டு, அதைச் சுற்றி மெல்லிய நிழல் வளையம். அதுதான் அந்த நேரம். 12.00 மணிக்கே அதைச் செய்திருந்தால் பைப்புக்குள் நுழைந்த வெயில் சுவரில் பட்டு, அடியில் சொட்டு வெளிச்சம்கூட வந்திருக்காது, வந்தாலும் கீற்றாகத்தான் இருந்திருக்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம் அரை டிகிரி, தன் அகலத்தைத் தானே கடக்க அதற்கு 2 நிமிடம் ஆகிறது. இந்த அரை டிகிரியால் நிழல் ஓரமும் மங்கும், ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழும் ஓரத்தில் 9 மி.மீ. மங்கல். ஒரு நாள் நகர்வான 6 மி.மீ. இந்த மங்கலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஏப்ரல் 23லும் 25லும் பார்த்தாலும் கண்ணுக்கு ஏறக்குறைய அதே காட்சிதான். 24 அன்று மேகம் வந்தால் மனம் உடைய வேண்டாம்.

இன்னொன்று: ஆள் நின்று பார்த்தால் நிழலே இருக்காது என்று எதிர்பார்க்காதீர்கள். தலையும் தோளும் தரையை மறைக்கத்தான் செய்யும், அந்த நிழல் காலைச் சுற்றியே கிடக்கும். எந்தப் பக்கமும் நீளாது என்பதே பொருள். அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலமான பொருள்களில்தான் நிழல் முழுசாக மறையும். ஸ்டூல் வைத்தால் அதன் மேற்பலகையின் நிழல் நான்கு கால்களுக்கு நடுவே கச்சிதமாக உட்காரும், குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

பழைய வீட்டு உறைகிணற்றில் அன்று மட்டும்தான் வெயில் தண்ணீரைத் தொடும் என்பது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பாதி சரி. மூன்றடி அகலம், இருபதடி ஆழத்தில் தண்ணீர் என்றால் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே கடைசி வரை நண்பகலில் கொஞ்சமாவது வெளிச்சம் தண்ணீரில் விழும். ஆனால் சுவர் நிழல் துளியும் இல்லாமல் வட்டம் முழுவதும் மின்னுவது நிழலில்லா நாளில் மட்டும். அந்த நேரத்தில் தயவுசெய்து கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீரில் தெரியும் சூரியன் கண்ணைக் கெடுக்கும். தலையால் வெயிலையும் மறைத்துவிடுவீர்கள். மொபைலைக் கயிற்றில் ஓரமாக இறக்கி வீடியோ எடுத்தால் போதும்.

சூரியன் நேர் மேலே வரும் ஏப்ரல் 24ஐ விட்டுவிட்டு, மே மாதக் கத்திரியில் ஏன் அதிகம் கொளுத்துகிறது? ஏப்ரல் 24க்குப் பிறகும் சூரியன் ஜூன் வரை ஏறக்குறைய 10 டிகிரிதான் விலகுகிறது, பகலும் நீள்கிறது. நிலம் நாளுக்கு நாள் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்து, கடல்காற்று உள்ளே வர விடாமல் தடுத்தால் தீர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. ஆகஸ்ட் 18இல் சூரியன் மறுபடி உச்சிக்கு வந்தாலும் மேகம் அதிகம், அதனால் பரிசோதனைக்கு ஏப்ரலே நல்லது.

கன்னியாகுமரியில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அதே ஏப்ரல் 24 அன்று பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம். எகிப்தில் 2200 வருடங்களுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்குதான். உங்கள் குச்சிக்கு நிழல் இல்லாத அன்று, கன்னியாகுமரி சொந்தக்காரர் 12.18 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியின் மிகக் குட்டையான நிழலை அளக்கட்டும். தெற்குப் பக்கமாக 8.7 செ.மீ. வரும், அதாவது 5 டிகிரி. இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் தூரம். ரோட்டுத் தூரமான சுமார் 700 கி.மீ.யைப் போட்டால் பூமி 50,000 கி.மீ.க்கு வீங்கிவிடும். நேர்க்கோட்டுத் தூரமான 630ஐப் போட்டாலும் 45,000 வரும், ஏனென்றால் கன்னியாகுமரி நமக்கு நேர் தெற்கே இல்லை, மேற்கே தள்ளியிருக்கிறது. வரைபடத்தில் வடக்கு தெற்குத் தூரத்தை மட்டும் எடுக்க வேண்டும், அது 555 கி.மீ. 360ஐ 5ஆல் வகுத்து 555ஆல் பெருக்கினால் 39,960. துருவங்கள் வழியாக அளந்த உண்மைச் சுற்றளவு 40,008. நிழலை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் விடையில் 450 கி.மீ. மாறும், அதனால் ஸ்கேலைக் குச்சியின் நடுவிலிருந்து வையுங்கள், ஓரத்திலிருந்து அல்ல.