ராஜீவ் காந்தி இறந்த செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? டிவியில் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர் 91க்கு அப்புறம் பிறந்தவர் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் டிவியில் பார்த்தீர்களா என்று சேர்த்துக் கேட்டிருக்க மாட்டார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது 1991 மே 21, செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு மேல். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு நாய்கூட விழித்திருக்காது. திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். முக்கால்வாசிப் பேர் மல்லிகை போட்டவர்கள். நாலு மணிக்குப் பூ எடுக்க இறங்குகிறவன் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும்.

அதனால் என் பதில், பூக்காட்டில் இருந்தேன் என்பதுதான். எனக்குப் பதின்மூன்று வயது, கோடை லீவு. ஒரு கையில் டார்ச், இடுப்பில் கட்டிய துண்டுதான் மடி. மே மாதம் மல்லிக்கு நல்ல வரத்து. அன்றைக்குப் பதினெட்டுக் கிலோ வந்தது. விடிகிற நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் வைத்திருந்த ரேடியோவில் பாட்டே வரவில்லை, வெறும் வீணை இழுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி போய்விட்டது என்று அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. செய்தி வரும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. கூடையில் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, சைக்கிள் கேரியரில் கட்டி, அப்பா உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

ரோட்டில் பஸ் இல்லை. லாரிகள் வரிசையாக ஓரங்கட்டி நின்றன. டீக்கடைக்காரர் பலகையைப் பாதி அடைத்திருந்தார்.

"தாக்கல் தெரியாதாண்ணே? ராஜீவ் காந்தியக் குண்டு வச்சுக் கொன்னுட்டாய்ங்களாம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப பஸ்சு வராதா?"

டீக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு பெரிய மனுசன் செத்திருக்கிறார், இந்த ஆள் பஸ்சைக் கேட்கிறாரே என்று. ரொம்ப வருசம் இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே மற்ற பதில்களில் எல்லாரும் 'கேட்டதும் உறைந்துபோனேன்', 'இரண்டு நாள் சாப்பிடவில்லை' என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் சொல்லலாம் என்று தோன்றியது. உடனே கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வராதீர்கள். அவரோடு கூட்டத்துக்கு வந்த அப்பாவிகளும் போலீஸ்காரர்களும் செத்தார்கள், அது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பா அப்போது மோட்டாருக்காக, எங்கள் பூவை விற்றுக் கொடுக்கிற கமிஷன் கடையில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். பூ போகாவிட்டாலும் கணக்கில் கடன் நிற்கும். எடுத்த மொட்டு சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும். அவர் வேறு எதைக் கேட்பார்?

சைக்கிளிலேயே கிளம்பினார். திருப்பரங்குன்றத்துக்கு இந்தப் பக்கமே ரோட்டில் கல்லும் மரக்கிளையும் கிடந்ததாம், போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. பத்து மணிக்குக் கூடையோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவும் அப்பத்தாவும் முடிந்தவரை கட்டி வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை, இழவு அன்றைக்குப் பூ வைக்கலாமா என்று. மொட்டெல்லாம் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஒரே சமயத்தில் விரிந்தது. பதினெட்டுக் கிலோ, ஒற்றை அறை வீடு. வாசத்தில் தலைவலி வந்து நான் வெளியே களத்தில் போய்ப் படுத்தேன். மறுநாளும் நாலு மணிக்கு எழுப்பினார்கள். விற்காத பூவை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு அப்பத்தா, "செடிக்கு யாருடா தாக்கல் சொல்றது?" என்றது. எடுக்காமல் விட்டால் செடியிலேயே விரிந்து காய்ந்து அடுத்த சுற்று மொட்டு கெட்டுப்போகும். மூன்று நாள் எடுத்து எடுத்துக் குப்பைக்கிடங்கில் கொட்டினோம்.

டிவியில் பார்த்தது 24ஆம் தேதி, டெல்லியில் தகனம் நடந்தபோதுதான். பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ராகுல் கொள்ளி வைக்கும்போது பெண்கள் சத்தம் போட்டு அழுதார்கள். அம்மாவும் அழுதது, அந்தப் பையனுக்கு என் பெரியண்ணன் வயது என்று சொல்லி.

அன்றைக்கு ஊர்ப் பிரமுகர் ஒருவர் படம் வைத்து ஊர்வலம் ஏற்பாடு செய்தார். திண்ணையில் அப்பா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "இவனல்லவா உண்மையான தொண்டன்" என்று அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா எந்தக் கட்சியும் இல்லை. மறுத்துப் பேசவும் இல்லை. ஆளுயர மாலை ஒன்று கேட்டார், கட்டிக் கொடுத்தோம், "கணக்குல வச்சுக்கப்பா" என்றார். அதோடு விட்டாரா? வருசாவருசம் மே 21க்கு ஒரு மாலை, அதே கணக்கில். அவர் வேறு கட்சிக்குப் போன பிறகுதான் நின்றது.

கொலைகாரப் பெண் சந்தன மாலையோடு வந்து, காலில் விழுவதுபோல் குனிந்துதான் குண்டை வெடிக்க வைத்தாள் என்பது, கூட்டத்தில் படமெடுத்த ஹரிபாபுவின் கேமராவில் கிடைத்த படங்கள் பேப்பரில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். ஹரிபாபு அங்கேயே செத்துப்போனார், கேமரா மட்டும் மிஞ்சியது. அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாலையக் கையில வச்சுக்கிட்டாடா?" என்றார். பிணத்துக்கும் கல்யாணத்துக்கும் மாலை கட்டி வயிறு வளர்த்தவர், அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. குண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பூ என்று பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லது. ஆனால் எங்களுக்கு நூற்றுக்குப் பத்து கமிஷன் பிடித்ததும், ஈரம் என்று எடையில் கழித்ததும் அந்தக் குறியீட்டால் மாறவில்லை. முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறினால் செய்தி போடுகிறார்கள். விலை விழுந்து சென்ட் கம்பெனிக்கு அள்ளிக் கொடுக்கிற நாளில் எவனும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

அந்த அட்வான்ஸை அடைக்க இரண்டு வருசம் ஆனது. பஸ் ஓட ஆரம்பித்த முதல் நாள் அப்பா கொண்டுபோன பூவுக்குக் கிடைத்த காசு முழுவதையும் கடைக்காரர் வரவு வைத்துக்கொண்டு, பஸ்சுக்கு மட்டும் சில்லறை கொடுத்து அனுப்பினார்.