வீட்டருகே உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அக்கம்பக்கத்தார் எப்படி உதவலாம்?

எங்கள் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை, ஆனாலும் தெருவில் ஏழெட்டுப் பேர் உதவத் தயார், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் பணத்தைவிட நேரம்தான் அதிகம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எல்லாரும் சுவருக்கு வண்ணம் அடிக்கத்தான் முதலில் ஓடுவார்கள். நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பதில் தொடங்குங்கள்.

தலைமையாசிரியரைப் பார்க்க இரண்டு பேர் போனால் போதும். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் வேண்டாம். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் பட்டியல் நீளும். "தினமும் ஒரு மணி நேரம் ஒருவர் வருவோம், எந்த வகுப்புக்கு வரலாம்?" என்று கேளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பின்னணிச் சரிபார்ப்பு கேட்டால் கொடுங்கள். மூடிய அறையில் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. ஆசிரியர் கண்ணில் படும் மூலையில் உட்காருங்கள். படம் எடுக்கவே வேண்டாம். "நம்மையே சந்தேகப்படுகிறார்களா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த விதி குழந்தைக்கு எவ்வளவு பாதுகாப்போ, உங்களுக்கும் அவ்வளவு பாதுகாப்பு.

ஒரு மணி நேரத்தில் மூன்று குழந்தைகள்தான் முடியும். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் வாசிப்பு, வகுப்பிலிருந்து அழைத்துவந்து திரும்ப விட 5 நிமிடம். நான்காவது குழந்தையைச் சேர்த்தால் நால்வருக்கும் அரைகுறை. ஐந்து நாளுக்கு ஐந்து பேர் போதாது, எட்டுப் பேர் வேண்டும். மீதி மூவர் மாற்றாட்கள். அவர்களைக் குழந்தைகளுக்கு முன்பே அறிமுகப்படுத்திவிடுங்கள். காத்திருந்த குழந்தைக்கு ஆள் வராமல் போவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய பெரிய கெடுதல்.

புத்தகத்தைக் குழந்தையே எடுக்கட்டும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்குக் கடினம். முதலில் இருவரும் சேர்ந்து, குழந்தையின் வேகத்தில், சத்தமாக வாசியுங்கள். தனியாக வாசிக்கத் துணிவு வந்ததும் மேசையைத் தட்டும்படி குழந்தையிடம் முன்பே சொல்லிவையுங்கள். தட்டியதும் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுக்கினால் நாலைந்து வினாடி பொறுத்து, சொல்லை நீங்களே சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொன்னதும் மறுபடி சேர்ந்து தொடருங்கள். எழுத்துக்கூட்டாமல் எப்படிப் படிப்பு வரும் என்று கேட்பீர்கள். அதை ஆசிரியர் முறையாகக் கற்றுத்தருகிறார். இங்கே தேவைப்படுவது பழக்கம். எழுத்தே தெரியாத குழந்தை என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், இந்த முறை அதற்குப் பொருந்தாது.

பொறுப்பதுதான் நமக்கு வராது. வகுப்பில் கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு வினாடிதான்; அதை மூன்று வினாடி ஆக்கினாலே குழந்தைகளின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டினார். கதையைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, பக்கம், தடுக்கிய சொற்கள், அவ்வளவு எழுதினால் போதும். நீளமாக எழுதினால் ஆசிரியருக்குப் படிக்க நேரமிருக்காது. பதிவேடுகளை நிரப்பியே அவர்கள் நேரம் கரைகிறது. அது தெரியாமல் "அரசுப் பள்ளி வாத்தியார் என்ன செய்கிறார்?" என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டில் கிழிந்து கிடக்கும் புத்தகங்களை மூட்டை கட்டிப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இவர்களே. கொடுப்பதானால் தாள் விடுபடாத, அந்த வயதுக்கான கதைப் புத்தகமாகக் கொடுங்கள்.

பள்ளி நாட்காட்டியை முதல் நாளே வாங்கி, தேர்வு வாரங்களைக் கழித்து அட்டவணை போடுங்கள்.

வண்ணம் அடித்தே தீர வேண்டுமென்றால் நீண்ட விடுமுறையின் முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் வாடை போவதற்குள் குழந்தைகள் வந்துவிடுவார்கள். பழைய கட்டடம் என்றால் நீங்களே சுரண்டாதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.