சிறையிலிருந்து வரும் தம்பியை ‘ஹோம்’ல சேர்க்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தண்டனை முடிந்து அடுத்த மாதம் வெளியே வருகிறான். மனநோய் என்று உள்ளே மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரையும் உண்டு, முன்பு குடிப்பழக்கமும் இருந்தது. வீட்டில் நானும் வயதான அம்மாவும்தான். தெரிந்தவர் ஒருவர், “50,000 முன்பணம், மாதம் 12,000 கட்டுங்கள். ஒரு ஹோமில் வாழ்நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார். சேர்க்கலாமா?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தத் தெரிந்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். தர மாட்டார்.

“வாழ்நாள் முழுக்க” என்று அவர் சொன்னதே சட்டத்துக்குப் புறம்பானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வீட்டில் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் அடைத்து வைக்க முடியாது. அவர் விருப்பம் இல்லாமல் சேர்ப்பதென்றால் மருத்துவர்கள் பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். இந்தப் புரோக்கர்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்கிறார்கள், சிறை வாசலிலும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இடத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். “அப்ளை பண்ணியிருக்கோம்” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களிடம் தனியாகப் பேச விடாவிட்டாலும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்துப்போனார்கள். சங்கிலி போடுவது இன்று குற்றம். இன்றும் போடுகிற இடங்கள் இருக்கின்றன.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. பெரும்பாலான வேலை அவர் வெளியே வருவதற்கு முன்பே முடிய வேண்டும். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போது சிறை நல அலுவலரைச் சந்தித்து, தம்பியின் மருத்துவக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாக ரத்தம் எடுத்த தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். பல பேர் கையில் வெட்டிய அட்டையில் நாலைந்து மாத்திரையோடுதான் வெளியே வருகிறார்கள். வெட்டிய பக்கத்தில்தான் பெயர் இருந்திருக்கும்! அதை வைத்து எந்த டாக்டரும் எதையும் சொல்ல முடியாது. முக்கியமாக, குளோசபின் என்ற மாத்திரையா என்று பாருங்கள். அது இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி கொடுக்கக் கூடாது. டாக்டர் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார்.

அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மாத்திரை இலவசம். சர்க்கரையையும் அன்றே பார்த்துவிடலாம். சிறைத் துறை ஒரு கட்டடம், சுகாதாரத் துறை ஒரு கட்டடம், மாற்றுத்திறனாளிகள் அலுவலகம் இன்னொரு கட்டடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு தாள் தானாகப் போகாது. நீங்கள்தான் சுமக்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்கள் வீடு திரும்பும் முன் தங்கும் இடைக்கால இல்லங்கள் அமைப்பது அரசின் கடமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்தே காசு பறிக்கிறார்கள். “மனநோயாளியை வெளியே எடுக்க அரசு ஆர்டர் வேண்டும், நான் வாங்கித் தருகிறேன்” என்பார்கள். குற்றம் நடந்தபோது புத்தி சுவாதீனம் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தவர்கள் போன்றோருக்குத்தான் அது பொருந்தும். அவர்களை நேராக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், பாதுகாப்பில் வைப்பார்கள். உறவினர் மனு கொடுக்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்ய விடமாட்டேன், கேட்டபோது அழைத்து வந்து காட்டுவேன் என்று ஜாமீனும் கட்ட வேண்டும். உங்கள் தம்பி தண்டனை பெற்றவர். தண்டனை முடிந்தால் கதவு திறக்க வேண்டியதுதான். எந்த ஆர்டரும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் தீர்ப்பு நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். நீங்கள் பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்றாலும் அங்கே வக்கீல் இலவசம். தொலைபேசி 15100.

மனநோயால் வந்த ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊனமுற்றோர் அடையாள அட்டை உதவும். அதற்கும் புரோக்கர் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துத் தரும் சான்றை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம்.

வெளியே வரும் நாளில் நீங்களே வாசலில் நில்லுங்கள். பழைய கூட்டாளிகள் முந்திக்கொண்டு பாட்டிலோடு வருவார்கள். இத்தனை வருடம் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கும் ‘குடி மறக்கும் பொடி’ எதையும் வாங்காதீர்கள். அதில் குடிநிறுத்த மாத்திரை இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் வாரம் தூக்கம் வராமல் உலாத்துவார், கதவைச் சாத்தினால் பதறுவார். இரவில் பயமாக இருந்தால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தூங்கவில்லை என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அழைத்துப் போய்விடுங்கள்.